சில்லு மலைக்குப் பின்னால் இரண்டரை மணி நேரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி நேரம் நான் பெரிய பணக்காரனாக இருந்தேன். மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரில் ஒரு மதுக்கடையின் பின்கூடம். பச்சைத் துணி விரித்த மேஜை. என் முன்னால் கறுப்பும் ஊதாவும் மஞ்சளுமாக பிளாஸ்டிக் சில்லுகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. கூடத்தில் ஆறு மேஜை, ஐம்பது பேருக்கு மேல். அத்தனை பேரிலும் என்னிடம்தான் அதிகம் என்று சுவரில் இருந்த பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். எனக்கோ அதைப் பார்க்கவே பயம். இரண்டு முறை பாத்ரூமுக்குப் போய் வந்தேன்.

பலகையில் இருந்த பெயர் முனுசாமி. அது என் அப்பா. என் பெயர் சேகர். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து அரசாங்கம், பேங்க், பல் டாக்டர் எல்லோருக்கும் நான் முனுசாமிதான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த மனுஷன், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர், செத்து ஒன்பது வருஷம் கழித்து அயல்நாட்டில் போக்கர் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தார்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். இது காசு வைத்து ஆடுகிற ஆட்டமில்லை. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, ஜெயித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் வட்டாரப் போட்டி, அவ்வளவுதான். வாரத்தில் கூட்டம் வராத நாட்களில் பீர் விற்பதற்காகக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி. நான் எலுமிச்சை சோடா குடிப்பேன்.

2

என் மனைவி செல்வி நர்ஸ். அவள் விசாவில் தொங்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருஷம். அங்கே ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். இங்கேயும் அதே வேலைதான். பம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம். பயந்த சுபாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது.

இந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் "நோ வொரீஸ்" என்பார்கள். கதவைப் பிடித்துக்கொண்டால் நோ வொரீஸ், காலை மிதித்தால் நோ வொரீஸ். முதல் வருஷம் முழுக்க, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கவலைப்படாதே என்று ஆறுதல் சொல்கிறார்கள் என நம்பிக்கொண்டிருந்தேன். "எல்லாருக்கும் எப்படியோ தெரிஞ்சிடுது பாரு" என்று செல்வியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

போக்கருக்கு என்னை இழுத்துப் போனவள் லான். என் லைனிலேயே வேலை செய்கிறவள், வியட்நாமிலிருந்து வந்தவள், என் வயதுதான். சாப்பாட்டு இடைவேளையில் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே ஆட்டத்தைச் சொல்லித் தந்தாள். கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும், இரண்டு பேர், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, கட்டாயமாகக் கொஞ்சம் சில்லு போட வேண்டும். முறை வைத்து எல்லோருக்கும் வரும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தத் தொகை ஏறும். நான் அதற்கு மொய் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் மொய் விடாது என்பது நமக்குத் தெரியாததா.

எல்லோரும் சம அளவு சில்லோடுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவனிடம் நிறையச் சேர்ந்துவிட்டால் எப்படி ஆட வேண்டும் என்பதில் லானுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. கொஞ்சமாக வைத்திருப்பவன் மொத்தத்தையும் நடுவில் தள்ளினால் நீ துணிந்து எதிர்த்து நில், தோற்றாலும் உனக்குக் கீறல்தான். நடுத்தரமாக வைத்திருப்பவனை மிரட்டு, அவன்தான் வெளியே போகப் பயப்படுவான். உன் அளவுக்கு வைத்திருக்கிற இன்னொருவனிடம் மட்டும் காரணமில்லாமல் மோதாதே. எல்லாக் கையையும் ஆடாதே, எதையுமே ஆடாமலும் உட்கார்ந்திருக்காதே.

இதைக் கேட்டதும் எனக்கு என் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. எனக்கு இந்தப் பாடம் தேவைப்படும் என்று அப்போது தோன்றவே இல்லை.

3

அண்ணன் ஏழுமலை என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் எங்கள் நிலம். ரோட்டோரத்தில் ஒரு பகுதி, உள்ளே தள்ளி கிணற்றோடு ரெண்டு ஏக்கர். நான் வேலைக்குப் போன காலத்தில் அந்த ரோட்டோர நிலத்தை யாருக்காவது சும்மா கொடுத்தால்கூட கல் பொறுக்கவே ஒரு வருஷம் ஆகும் என்று முறைத்திருப்பார்கள். அப்புறம் ரோடு அகலமாயிற்று. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காம்பவுண்டு கட்டின. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விட்டவர்கள் மாடி எழுப்பினார்கள். நாங்கள் ஒன்றுமே செய்யாமல் நிலத்தின் விலை எங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

ரோட்டோரத்தை விற்றார் அண்ணன். எனக்கான பங்கை ஒழுங்காகப் பிரித்துப் போட்டுவிட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் அதை பேங்கில் டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, பேங்க் திவாலாகிவிடுமோ என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அண்ணன் வேறு மாதிரி. அவருக்குக் கை துறுதுறுக்கும்.

அங்கே நிலம் வாங்குகிற விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுத் தொகையும் உடனே கொடுக்க வேண்டியதில்லை. டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு சின்னத் தொகை கொடுத்து அக்ரிமென்ட் போடலாம். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும். அதற்குள் விலை ஏறினால் அப்படியே இன்னொருவனுக்குக் கைமாற்றி லாபம் பார்க்கலாம். கெடு தவறினால் டோக்கன் போனதுதான். அண்ணன் வல்லத்தில் ஒன்று போட்டார். ஏறியது, கைமாற்றினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மாத்தூர், சென்னக்குப்பம், வாலாஜாபாத் என்று எந்தப் புரோக்கர் டீக்கடையில் உட்கார்ந்து எந்த சர்வே நம்பரைச் சொன்னாலும் டோக்கன். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதானே என்பார். மறுக்கத் தெரியாது அவருக்கு. எவன் வந்து கேட்டாலும் உண்டு.

ஒரே சமயத்தில் ஏழு அக்ரிமென்ட். அதில் நான்கு இடத்தில், தண்டலத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெரிய பார்ட்டியோடு போட்டி. அந்த ஆள் சுற்றிலும் இருப்பதை வாங்கிவிட்டு, அண்ணன் பிடித்து வைத்திருந்த துண்டுகளுக்கு வழியே இல்லாமல் அடைத்துவிட்டார். வழியில்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? கைமாற்ற ஆள் இல்லை. கெடு நெருங்கியது. அண்ணனிடம் மிச்சம் இருந்தது கிணற்று நிலம் ரெண்டு ஏக்கர். அதில்தான் அவர் வீடு. அவரும் அண்ணியும் இரண்டு பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பட்டா எங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தது. என் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது.

"ஒரு பவர் எழ்தி அனுப்ச்சிடு தம்பி. அத்த வித்து நாலு எடத்த ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்னா போதும், ஆறே மாசம், பத்து ஏக்கரா வாங்கிக் காட்றேன்" என்றார்.

லான் சொன்ன தப்புகள் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் செய்துவிட்டு, கடைசியாக வீட்டையும் தள்ளப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போனில் "சரிணா" என்றேன்.

4

என் சார்பில் அவரே விற்கலாம் என்கிற அந்தப் பவர் பத்திரத்துக்கு முத்திரை வாங்க இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். போகும்போது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். போட்டோ சைஸ் சரியில்லை என்பார்கள், சாட்சி இல்லை என்பார்கள், வேறு நாள் வரச் சொல்வார்கள், இப்படி நாலைந்து நடை நடந்தால் அதற்குள் கெடு தாண்டிவிடும், நான் ஒன்றும் சொல்லாமலேயே காரியம் கெட்டுப்போகும். ஆனால் கவுண்டரில் இருந்த அம்மா என் காகிதங்களை இரண்டே நிமிஷம் புரட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். மத்தியானத்துக்குள் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். நம் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் என் வேலை ஒரே நாளில் முடிந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். அன்று பார்த்தா முடிய வேண்டும்?

காகிதத்தை வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அண்ணனிடம் ஆபீசில் தாமதம் என்றேன்.

அடுத்த ஒன்றரை மாதம் அவர் தினமும் போன் செய்தார். நான் தினமும் ஒரு காரணம் சொன்னேன். ஆபீசர் லீவு. சாட்சிக்காரர் ஊரில் இல்லை. பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. பொய் சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆபீஸ் மேல் கோபம் வந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கு ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

என் மகள் கயலுக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அண்ணன் பேசும் தமிழ் அவளுக்குச் சுத்தமாகப் புரியாது. ஒரு நாள் அவள்தான் போனை எடுத்தாள். "இன்னா கண்ணு, ஸ்கூலுக்குப் போய்க்கினு கீறியா?" என்று அவர் கேட்டிருக்கிறார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "பெரியப்பா ஏன் அழற மாதிரி பேசறாங்க?" என்றாள் ஆங்கிலத்தில். "அவர் பேச்சே அப்படித்தான்" என்று சொல்லி போனை வாங்கினேன். தமிழ் மறந்துபோகிறதே என்று அவளைக் கடிந்தும் கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை அண்ணன் குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "இன்னாடா தம்பி, வருமா வராதா, ஒண்ணு சொல்லு" என்றார். பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது எனக்கு. "வந்துடுச்சுணா, நாளைக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஆரம்பித்து அரை மணியில் எனக்கு ஜோடி ராஜா விழுந்தது. இரண்டு பேர் மொத்தத்தையும் தள்ளினார்கள், நானும் தள்ளினேன், ஜெயித்தேன். சிறிது நேரத்தில் ஜோடி ஏஸ். மறுபடியும் ஒருவர் வந்து மோதித் தோற்றார். என் திறமை எதுவும் இல்லை, சீட்டு அப்படி வந்தது. பலகையில் முனுசாமி முதலிடம்.

அதற்கப்புறம் நான் ஆடவே இல்லை.

சீட்டு வரும், பார்ப்பேன், கவிழ்த்து வைத்து அந்தக் கையிலிருந்து விலகிவிடுவேன். கையில் ராணியும் ஜாக்கியும் வந்தது, கவிழ்த்தேன். ஜோடி ஒன்பது வந்தது. எதிரில் ஒரு தடியர் கொஞ்சம் சில்லு நகர்த்தினார், கவிழ்த்தேன். இருக்கிறதைக் காப்பாற்றினால் போதும், மற்றவர்கள் அடித்துக்கொண்டு வெளியே போவார்கள், பத்துப் பேர் மிஞ்சும்போது நானும் இருப்பேன், பத்துப் பேருக்குத்தான் அடுத்த சுற்று. இதுதான் என் திட்டம். ஆட்டத்தில் இருந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த காகிதம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. நாளைக்குத் திங்கட்கிழமை. கூரியர் ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும். அனுப்பினால் வீடு போகும். அனுப்பாவிட்டால் அண்ணன் போவார் என்று நினைத்தேன். கெடு தாண்டிவிட்டால் நல்லது என்றும், அப்படி நினைக்கிறாயே என்றும் மாறி மாறி.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்தது. மொய் ஏறியது. ஒவ்வொரு சுற்றிலும் என் குவியலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நடுவில் வைத்தேன்.

எங்கள் மேஜையில் கிரெக் என்று ஒரு பிளம்பர். சிவப்புத் தொப்பி. தோற்றுத் தோற்று அவரிடம் ஒரு கைப்பிடி சில்லுதான் மிச்சம். அதை அப்படியே நடுவில் தள்ளினார். மற்ற எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். என் மொய் ஏற்கெனவே நடுவில் கிடந்தது. இன்னும் கொஞ்சம், என் குவியலில் தெரியவே தெரியாத அளவு சேர்த்தால் போதும், அவரோடு சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். என் கையில் ஏஸும் பத்தும். தோற்றாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. லான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான். மேஜையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கவிழ்த்தேன்.

கிரெக் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் நாலும், வெறும் மிரட்டல். "முனுசாமி, நீ தங்கமான ஆள்" என்று என் முதுகில் தட்டினார். மேஜை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஆளிடம் ஜெயித்தார், அதற்கடுத்த ஆளிடமும் ஜெயித்தார். என் குவியல் இறங்க இறங்க அவருடையது ஏறியது. கூடத்தில் பதினோரு பேர் மிச்சம் இருந்தபோது எனக்கு மூன்று சுற்று மொய்க்குத்தான் சில்லு இருந்தது. அப்போதுதான் பதறினேன். ராணியும் மூன்றும் வந்தது, ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினேன். எதிர்த்து நின்றவர் கிரெக். ஜோடி எட்டு. கை குலுக்கி அனுப்பிவைத்தார். நான் பதினோராவது.

லான் சீக்கிரமே தோற்றுவிட்டு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நிறுத்தும் இடம் வரை கூட வந்தாள். நல்ல வெயில் இருந்தது.

"உனக்குத் தெரியுமா, கடைசிக் கையைத் தவிர நீ ஒரு கைகூடத் தோற்கவில்லை" என்றாள். "அவ்வளவும் அந்த மொய்யிலேயே போனது. எதற்காகக் காத்துக்கொண்டிருந்தாய்?"

சீட்டு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அண்ணனையும் கிணற்று நிலத்தையும் அலமாரியையும் பற்றி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கார் கதவைப் பிடித்துக்கொண்டு கொட்டினேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. அண்ணன் எல்லாக் கையையும் ஆடுகிறார் என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதமாக நான் செய்ததும் இன்றைக்கு மேஜையில் செய்ததும் ஒன்றேதான். 

லான் பொறுமையாகக் கேட்டாள். "அங்கே இப்போது மணி என்ன?" என்றாள்.

"காலை பதினோரு மணி இருக்கும்."

"அப்படியென்றால் முழித்துக்கொண்டிருப்பார்" என்று சொல்லிவிட்டுத் தன் காரைத் தேடிப் போனாள்.

6

வீட்டுக்கு வந்தேன். செல்வி டியூட்டியில், கயல் சிநேகிதி வீட்டில். செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்றா. அனுப்ச்சிட்டியா?"

"ணா, பேப்பர் அன்னிக்கே வந்துடுச்சுணா. ஒன்றரை மாசமா எங்கிட்டதான் இருக்கு. ஆபீஸ்ல லேட்டுன்னதெல்லாம் பொய். நான் அனுப்பல. அனுப்பவும் மாட்டேன். கெணத்து நெலத்த விக்கக் கூடாது."

அந்தப் பக்கம் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கத்தப்போகிறார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"இத்த ஏன்டா இம்மா நாளா சொல்லல?" என்றார். குரல் உயரவில்லை.

"பயமா இருந்துச்சுணா."

"எனக்கு இல்லியா? பேப்பர் வந்துச்சா வந்துச்சான்னு தெனம் கேட்டேனே, எதுக்குன்னு நெனச்சே? வந்துடப் போவுதேன்னுதான்டா. எவன் வந்து கேட்டாலும் முடியாதுன்னு சொல்ற மூஞ்சி எனுக்கு இல்ல. நானா நிறுத்த முடியல. நீ ஒர்த்தன் மாட்டேன்னு சொல்லிட்டா, தம்பி ஒத்துக்கலப்பான்னு அத்தினி பேருகிட்டயும் சொல்லிட்டு ஒக்காந்துடலாம்னு பாத்துகினு இருந்தேன். நீ சரிணா, சரிணான்னே சொல்லிகினு இருந்தே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லீவு போட்டுவிட்டு வருகிறேன், உட்கார்ந்து ஒவ்வொரு அக்ரிமென்ட்டாகப் பார்ப்போம், டோக்கன் போனால் போகட்டும் என்றேன். "ம்" என்றார். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கெயம ஒண்ணு பண்ணிட்டேன்டா" என்றார். "சென்னக்குப்பத்துக்காரன் கெடு முடிஞ்சிபோச்சுன்னான். தம்பி பேப்பர் கெளம்பிடுச்சு, பத்து நாளு தான்னு சொல்லி இன்னொரு டோக்கன் போட்டு கெடு வாங்கினேன்."

"எதைப் போட்டுணா?"

போன் கை மாறியது. அண்ணி.

"நல்லா கீறியா தம்பி?"

"அண்ணி, வெள்ளிக்கிழமை அண்ணன் எதைக் குடுத்தாரு?"

"கழுத்துல கெடந்ததுதான், வேற இன்னா கீது. அவரு ஒண்ணியும் கேக்கல தம்பி, நானேதான் கழட்டிக் குட்த்தேன். நீதான் அனுப்பிடறேன்னியாமே."

அண்ணியே தொடர்ந்தார்.

"வுடு தம்பி. வூடு தப்பிச்சுதே, அது போதும். நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.